ஃபோனை 'ஸ்க்ரோல்' பண்றதுக்கு லத்தீனில் என்ன வினை?

ராக்கோழி:
ஆறு மாசமா லத்தீன் படிக்கிறேன். தினம் ராத்திரி நாலு வரி டைரி எழுதணும், வீட்டுப்பாடம். நேத்து "நடுராத்திரி வரைக்கும் ஃபோனைத் தள்ளிக்கிட்டே கிடந்தேன்"னு எழுதப் போய் மாட்டிக்கிட்டேன். 'தள்ளு'க்கு அகராதியில் பெல்லெரே, த்ரூதெரேன்னு இருக்கு. ரெண்டும் ஆளைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுற தள்ளு. வோல்வெரேன்னா 'உருட்டு'. அது சரியா வருமா? (தமிழ்ல இப்போ உருட்டுன்னாலே சந்தேகமா இருக்கு.)

பழஞ்சுவடி:
கிட்ட வந்துட்டீங்க. முன்னாடி ஒரு 'ஏ' சேருங்க: ஏவோல்வெரே. ரோமானியர் புத்தகம் பாப்பிரஸ் சுருள். வலது கை விரிச்சுக்கிட்டே போகும், படிச்சு முடிச்சதை இடது கை சுருட்டிக்கிட்டே வரும். அதனால சுருளை 'விரி'ன்னாலே 'படி'ன்னு ஆயிடுச்சு. ஆன்மாவைப் பத்தி பிளேட்டோ எழுதின நூலைப் படின்னு ரோமானியப் பேச்சாளர் சிசரோ சொல்ற இடத்தில் 'ஏவோல்வே'ன்னுதான் வருது. சுருளுக்கே பேர் வோலூமென். இங்கிலீஷ் 'வால்யூம்' அதோட பேரன். நமக்கு ஓலைச்சுவடி, அதான் 'புரட்டு'றோம்.

இலக்கணப்புலி:
ஒரு குறுக்கீடு. சுருள் பக்கவாட்டில் விரியும், ஃபோன் மேலும் கீழும் ஓடும். அதை விட்டுடலாம். ஆனா அதே இடத்தில் சிசரோ 'தீலிகெந்தெர்'னும் சேர்த்திருக்கார், கவனமான்னு அர்த்தம். ராக்கோழி அம்மா நேத்து கவனமாவா படிச்சாங்க?

திரும்பத் திரும்பச் செய்யற வேலைக்கு லத்தீனில் '-தாரே' வரும். வோல்வெரேயிலிருந்து வோலூதாரே. 'தெலெஃபோனும் வோலூதாவி'ன்னு எழுதலாம். செயப்பாட்டுல மட்டும் போட்டுடாதீங்க. வோலூதாரின்னா சேத்துல கிடந்து புரளுறது. குளிச்ச பன்னி மறுபடி சேத்துக்கே போச்சுன்னு பேதுருவின் இரண்டாம் கடிதத்தில் ஒரு பழமொழி வரும். வுல்காத்தா லத்தீன் பைபிளில் அந்தச் சேத்துக்குழிக்குப் பேரே 'வோலூதாப்ரும்'.

ராக்கோழி:
முந்தாநாள் துவைச்ச போர்வைக்குள்ள, சார்ஜர் ஒயர் கழுத்தைச் சுத்தி, ஏதோ ஊர்ல ஒருத்தர் கம்பளம் கழுவுற வீடியோவா பதினேழு பார்த்திருக்கேன். செயப்பாட்டுலயே எழுதிட்டேன்: 'ஊஸ்குவே அத் மெதியாம் நோக்தெம் வோலூதாதா சும்.'

பழஞ்சுவடி:
பெண்பால் விகுதி சரியா வந்திருக்கு.