பிரெஞ்சு: 70 தாண்டினால் எண் பிடிபடவில்லை

கத்துக்குட்டி:
ஏ1, அதாவது தொடக்க நிலை. 69 வரை தயக்கமில்லை. போன் நம்பர் சொன்னால் 75ஐ 60, 15 என்று எழுதிவிடுகிறேன். 80, 90 இன்னும் மோசம். மனப்பாடம் தவிர வழி உண்டா?

வெள்ளைப்பலகை:
மனப்பாடத்தில் குறையில்லை, கை முந்துகிறது. 'ஸ்வாஸாந்த்' (60) காதில் விழுந்ததும் எழுதாதீர்கள். அடுத்து 'தெ' (2) வந்தால் 62, 'தூஸ்' (12) வந்தால் 72. 'கத்ர்-வேன்' (80) கேட்டாலும் அப்படியே: 'தெ' என்றால் 82, 'தூஸ்' என்றால் 92. ஆக 11 முதல் 16 வரை (ஓன்ஸ், தூஸ், த்ரேஸ், கத்தோர்ஸ், கேன்ஸ், சேஸ்) யோசிக்காமல் வர வேண்டும். அந்த ஆறும் ஆட்டம் கண்டால் 70களும் 90களும் சேர்ந்தே ஆடும்.

'கத்ர்-வேன்' நாலு இருபதுதான். ஆனால் பெருக்கிப் பார்க்காதீர்கள். 'எண்பது' மாதிரி ஒரே சொல்லாக வையுங்கள். பிரான்சில் பத்து இலக்க எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள்: 06 75 92 81 14. தாளில் ஐந்து ஜோடிக் கட்டம் போட்டுக்கொண்டு கேளுங்கள். 6015 என்று எழுத இடமே இருக்காது.

ஒற்றெழுத்து:
எழுதும்போது இன்னொரு குழி. 21, 31 தொடங்கி 71 வரை நடுவில் 'ஏ' ('உம்' என்று பொருள்) வரும்: வேன்தே அன் (21), ஸ்வாஸாந்த் ஏ ஓன்ஸ் (71). 81, 91க்குக் கிடையாது. 80 தனியாக நின்றால் கடைசியில் எஸ் எழுத வேண்டும். 81 ஆனதும் எஸ் போய்விடும். உச்சரிப்பில் 22க்கு 'த்' கேட்கும், 82க்குக் கேட்காது.

திண்ணை:
பெல்ஜியம், சுவிஸ் ஆட்கள் 70க்கு 'செப்தாந்த்', 90க்கு 'நொனாந்த்' என்பார்கள். 80க்கு சுவிட்சர்லாந்தின் வோ, வலே, ஃப்ரிபூர் பகுதிகளில் 'உயிதாந்த்', பெல்ஜியத்தில் 'கத்ர்-வேன்'தான். இருபது இருபதாக எண்ணுவது பழைய வழக்கம்: பார்வையற்ற 300 பேருக்காக ஒன்பதாம் லூயி தொடங்கிய பாரிஸ் மருத்துவமனைக்கு இன்றும் 'பதினைந்து இருபதுகள்' என்றே பெயர். ரொம்பச் சிரிக்க வேண்டாம், நம் தொண்ணூறுக்குள்ளும் நூறு ஒளிந்திருக்கிறது!

கத்துக்குட்டி:
நன்றி. மணி சொல்லும்போது 2, 12 இரண்டும் ஒன்றாகவே கேட்கிறதே?

வெள்ளைப்பலகை:
'தெஸெர்', 'தூஸெர்'. இரண்டிலும் அந்த 'ஸ்' ஒன்றுதான், உயிரொலிதான் வேறு. 2க்கு வாயில் 'ஏ' சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் குவியுங்கள். 12க்கு நம் 'ஊ'வே போதும். பேச்சில் நண்பகலுக்குப் பெரும்பாலும் 'மிதி' என்றுதான் சொல்வார்கள். ரயில் நிலைய அறிவிப்பில் பிற்பகல் 2 மணி 'கத்தோர்ஸ் எர்', அதாவது 14 மணி.