ஊசியிலை சிவந்த பைன் மரங்களை வெட்டினால் பட்டை வண்டு பரவுவது நிற்குமா?

கேள்வி

அமெரிக்கத் தென்மேற்கின் வறண்ட பைன் காடுகளைப் பற்றிப் படித்துவருகிறேன். 2002–2003 வறட்சியின்போது, நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸ் அருகே ஆய்வுக்குள்ளான ஓரிடத்தில் பின்யோன் பைன்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவை மடிந்தன. அருகிலேயே நின்ற ஜூனிப்பர் என்னும் வேறு வகை ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை பிழைத்தன. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள பட்டை வண்டு ஒரு மரத்தை எவ்வாறு கொல்கிறது? சிவந்த மரங்களை உடனே அகற்றினால் பரவல் நிற்குமா?

பதில் 1

பைனின் தற்காப்பு அதன் பிசின்தான். நீர் குறையாத மரம், பட்டையைத் துளைக்கும் வண்டைப் பிசினைப் பெருக்கி வெளியே தள்ளிவிடும். வறட்சியிலோ பின்யோன் நீரிழப்பைத் தவிர்க்க இலைத்துளைகளை விரைவில் மூடிக்கொள்வதால், உணவு தயாரிப்பது குறைந்து பிசினும் வற்றிப்போகிறது. அந்நிலையில் முதலில் நுழையும் வண்டுகள் வெளியிடும் பெரோமோன் என்னும் அழைப்பு வாசனையை மோப்பம் பிடித்து ஏராளமானவை ஒரே மரத்தில் குவிகின்றன; அவை உட்பட்டையில் குடையும் சுரங்கங்கள் இலையில் தயாரான உணவு கீழிறங்கும் வழியை அறுக்க, அவை சுமந்துவரும் நீலக்கறைப் பூஞ்சை நீர் மேலேறும் வழியை அடைக்கிறது. ஜூனிப்பர் வறட்சியிலும் இலைத்துளைகளை நெடுநேரம் திறந்துவைக்கக்கூடியது. அது பிழைத்ததற்கு அதுவே காரணம்.

பதில் 2

மேலுள்ள பதிலின் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. பின்யோனைத் தாக்கிய இப்ஸ் கன்ஃப்யூசஸ் என்னும் வண்டு ஜூனிப்பரை நாடுவதில்லை என்பதால், இரண்டு மரங்களையும் ஒரே எதிரியின் முன் நிறுத்தி ஒப்பிடுவது பொருந்தாது.

வெட்டுவதைப் பொறுத்தவரை, மரம் முழுவதும் சிவக்கும் நேரத்தில் புதிய தலைமுறை வண்டுகள் பெரும்பாலும் அடுத்த மரத்துக்குப் பறந்துவிட்டிருக்கும். கண்டறிய வேண்டியது, இன்னும் பச்சையாகவோ சற்றே வெளிறியோ நின்றுகொண்டு, பட்டை இடுக்குகளிலும் அடிமரத்திலும் செம்பழுப்பு மரத்தூளைக் காட்டும் மரத்தையே.

பதில் 3

வெட்டிய பின் செய்யும் தவறுதான் பெரிது. இப்ஸ் வண்டுகள் புதிதாக வெட்டிய கிளைகளிலும் கட்டைகளிலும் செழித்துப் பெருகும். எனவே மரங்களை வெட்டி நெருக்கத்தைக் குறைக்கும் பணியை வண்டுகள் பறக்காத குளிர்காலத்தில் முடித்து, கழிவு வெயில் பட்டு உலருமாறு பரப்ப வேண்டும். அரைத்த பச்சைச் சிம்புகளை உயிருள்ள பைன்களின் அடியில் குவிப்பதும் கூடாது, ஏனெனில் அவற்றின் பிசின் மணமே வண்டுகளை ஈர்க்கும். கார்பாரில் போன்ற பூச்சிக்கொல்லியைத் தாக்குதலுக்கு முன்பே அடிமரத்தில் தெளித்தால் பயன் தரலாம். ஆனால் பரந்த காட்டுக்கு அது நடைமுறைக்கு ஒவ்வாது, வண்டு உள்ளே புகுந்துவிட்ட மரத்தையும் காப்பாற்றாது.