பலஸ் கிண்ணம் வென்ற இரவு: மட்டக்களப்பு, அம்பாறை உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

களுவாஞ்சிகுடியிலிருந்து

2025 மே 17ஆம் திகதி, சனிக்கிழமை, எமது நேரப்படி இரவு 9 மணிக்கு வெம்ப்ளி மைதானத்தில் தொடங்கிய, இங்கிலாந்துக் கழகங்களுக்கான எப்.ஏ. கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள், அதை யாருடன் இருந்து பார்த்தார்கள், என்ன கதைத்தார்கள் என்பதை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கிறிஸ்டல் பலஸ் 1-0 என மான்செஸ்டர் சிற்றியை வென்று, தனது வரலாற்றின் முதலாவது பெரிய கிண்ணத்தைக் கைப்பற்றியது. மறுநாட் காலையில் எங்கள் சந்தையடியில் நான் கேட்ட கதை வேறு மாதிரியானது. "பலஸுக்குக் குலுக்கல் வாய்த்தது, சின்னக் கழகங்களை அடித்துக்கொண்டு இறுதிக்கு வந்துவிட்டார்கள்" என்று மீன் வாங்க வந்த ஒருவர் அடித்துச் சொன்னார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு அணிகளின் பாதையையும் ஒரு கொப்பித்தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். பலஸ் சந்தித்தவை ஸ்டொக்போர்ட், டொன்காஸ்டர், மில்வோல், புல்ஹாம், அஸ்டன் வில்லா. சிற்றி சந்தித்தவை சல்போர்ட், லெய்டன் ஓரியன்ட், பிளைமௌத், போர்ன்மௌத், நொட்டிங்ஹாம் பொரெஸ்ட். இரண்டு வரிசையிலும் நான்காம் பிரிவுக் கழகம் ஒன்று, மூன்றாம் பிரிவுக் கழகம் ஒன்று, இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று, உச்சப் பிரிவான பிரீமியர் லீக்கின் கழகங்கள் இரண்டு. அதைவிட வியப்பு என்னவென்றால், மூன்றாம் சுற்றிலிருந்து காலிறுதி வரை இரண்டு அணிகளுமே சொந்த மைதானம், எதிரணி மைதானம், சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று ஒரே ஒழுங்கில் விளையாடியிருக்கின்றன. குலுக்கலைக் குறை சொல்ல இதில் எங்கே இடம் இருக்கிறது?

வேறுபாடு அவர்கள் நடந்து வந்த விதத்தில்தான் இருந்தது. பலஸ் இறுதிப் போட்டி உட்பட ஆறு ஆட்டங்களில் 13 கோல்களைப் போட்டு ஒரேயொரு கோலை மட்டுமே வாங்கியது. அந்த ஒன்றும் மில்வோலுக்கு எதிரான ஆட்டத்தில் வந்தது. சிற்றியோ சல்போர்ட்டை 8-0 என நொறுக்கிய பின்னர், அடுத்த மூன்று சுற்றுகளிலும் முதற் கோலை எதிரணிக்கே கொடுத்தது. லெய்டன் ஓரியன்ட் முந்தியது, பிளைமௌத் முந்தியது, போர்ன்மௌத்தும் முந்தியது. மூன்று தடவையும் திரும்பி வந்து வென்றார்கள் என்பதைப் பெருமையாகச் சொல்லலாம். என் கணிப்பில் அது ஒரு எச்சரிக்கை. பின்தங்கினாலும் எப்படியாவது எழும்பிவிடலாம் என்ற பழக்கத்தோடு இறுதிக்கு வந்த அணி, 16ஆவது நிமிடத்தில் மீண்டும் ஒரு கோல் வாங்கியபோது, எதிரே நின்றது அதுவரை ஒரேயொரு கோலை மட்டுமே கொடுத்த அணி.

காத்தான்குடியிலிருந்து

சேர் சொன்ன கணக்கை இப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறேன், நன்றி. நாங்கள் எங்கள் கழகக் கட்டடத்தின் விறாந்தையில், சுவரில் திரை கட்டிப் பார்த்தோம். கச்சான் காற்று திரையின் கீழ்ப்பக்கத்தை அடிக்கடி தூக்கியதால் இரண்டு செங்கற்களை வைத்து அழுத்த வேண்டியிருந்தது. இருந்தவர்களில் பெரும்பாலோர் சிற்றி ஆதரவாளர்கள்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர், எங்கள் பகுதியில் நடக்கும் ஒன்பது பேர் கொண்ட விலகல்முறைச் சுற்றுப்போட்டிகளில் நீண்ட காலம் பந்துக் காப்பாளராக நின்ற காக்கா (அண்ணன்) ஒருவர். முழுப் போட்டியிலும் அவர் பந்தைப் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். பலஸ் காப்பாளர் டீன் ஹென்டர்சனின் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். 36ஆவது நிமிடத்தில் பெர்னார்டோ சில்வாவை பலஸின் டைரிக் மிட்செல் விழுத்தியதற்காகச் சிற்றிக்குத் தண்ட உதை கிடைத்தது. சிற்றியின் ஹாலன்ட் பந்தைச் சக வீரர் ஓமார் மர்மூஷிடம் கொடுத்ததைக் கண்டதும் காக்கா கையைத் தட்டி, "இவன் பிடிப்பான் பார்" என்றார். ஏன் என்று கேட்டேன். ஹாலன்ட் போர்ன்மௌத்தில் தண்ட உதையைத் தவறவிட்டவர், ஆகையால் அவர் எந்தப் பக்கம் அடிப்பார் என்று எவராலும் சொல்ல முடியாது. உதைப்பவர் மாறினால் காப்பாளரின் பாரம் குறையும் என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஹென்டர்சன் தனது வலப்பக்கம் பாய்ந்து பந்தைத் தடுத்தார். போட்டி முடிந்த பின்னர் ஹென்டர்சனும் ஏறத்தாழ இதையே சொன்னார்: ஹாலன்ட் என்றால் எந்தப் பக்கமும் போயிருக்கலாம், மர்மூஷ் எந்தப் பக்கம் உதைப்பார் என்பது தனக்குத் தெரிந்திருந்தது என்று. அந்தச் செய்தியைக் காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாய்ந்தமருதிலிருந்து

நான் சிற்றி ஆதரவாளன். நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான நேரம் பந்து எங்களிடம் இருந்தது. அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. ஆனால் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்கு வெளியே பந்தைக் கையால் தட்டிய பலஸ் காப்பாளர் எப்படித் தொடர்ந்து ஆடினார் என்பதை யாராவது விளங்கப்படுத்தினால் நல்லது.

அக்கரைப்பற்றிலிருந்து

தம்பி, பிரதேச மட்டப் போட்டிகளில் மத்தியஸ்தராகச் செயற்படுபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஹாலன்ட் துரத்தி வந்த பந்தை ஹென்டர்சன் பெட்டிக்கு வெளியே கையால் தட்டினார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெறும் கைபடலுக்காகச் சிவப்பு அட்டை காட்டப்படுவதில்லை. தெளிவான கோல் வாய்ப்பு ஒன்று தடுக்கப்பட்டிருக்க வேண்டும். பந்து கோலை நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் விலகிச் சென்றதால், தெளிவான வாய்ப்பு இல்லை என்று காணொளி உதவி மத்தியஸ்தர்கள் முடிவு செய்தார்கள். நானாக இருந்தால் அட்டையைக் காட்டியிருப்பேனோ என்று இன்றும் யோசிக்கிறேன், ஏனெனில் ஹாலன்டின் வேகத்துக்கு அந்தத் திசை ஒரு தடையே அல்ல. அதே காணொளிதான் இரண்டாம் பாதியில் பலஸின் முனோஸ் அடித்த கோலை ஓப்சைட் என்று அழித்தது என்பதையும் மறக்க வேண்டாம். அந்தக் கோல் நின்றிருந்தால் கடைசியில் சேர்க்கப்பட்ட பத்து நிமிடங்களும் பலஸ் ஆதரவாளர்களை அந்தப் பாடு படுத்தியிருக்காது.

எங்கள் மைதானங்களில் காணொளியும் இல்லை, கோட்டு மத்தியஸ்தர் கிடைப்பதே சில நாட்களில் பெரும்பாடு. தீர்ப்பு சொன்ன பிறகு மோட்டார் சைக்கிள் வரை நடந்து போவதுதான் எங்கள் மேன்முறையீடு.

கல்லடியிலிருந்து

பிள்ளைகள் எல்லோரும் பலஸ் திடீரென்று முளைத்த கழகம் போல எழுதுகிறீர்கள். 1990 மே மாதத்தில் அதே கழகம் இறுதிப் போட்டியில் மான்செஸ்டர் யுனைட்டெட்டுடன் 3-3 எனச் சமநிலையில் முடித்ததை, சிற்றலை வானொலியில் பி.பி.சி. உலக சேவையைக் காதோடு வைத்துக் கேட்டவன் நான். மாற்றாட்டக்காரராக இறங்கிய இயன் ரைட் இரண்டு கோல்கள் போட்டார். ஐந்து நாட்களின் பின்னர் நடந்த மறு ஆட்டத்தில் லீ மார்ட்டின் போட்ட ஒரே கோலினால் தோற்றார்கள். அடுத்த மாதமே இங்கு போர் மீண்டும் மூண்டுவிட்டதால், அதன் பிறகு உதைபந்தாட்டச் செய்திக்காக நாங்கள் வானொலியைத் திருகவில்லை.

அந்த ஆண்டு அவர்கள் இறுதிக்கு வந்த பாதை இப்போதையதைவிடக் கரடுமுரடானது. பருவத்தின் தொடக்கத்தில் லிவர்பூலிடம் 9-0 எனத் தோற்ற அதே அணி, அரையிறுதியில் அதே லிவர்பூலை மேலதிக நேரத்தில் 4-3 என வென்றது. வெற்றிக் கோலைப் போட்டவர் அலன் பார்டியூ. 2016 இல் பலஸ் மீண்டும் இறுதிக்கு வந்தபோது அவரே பயிற்றுநர். 78ஆவது நிமிடத்தில் பஞ்சன் கோல் போட, பார்டியூ கோட்டோரத்தில் ஆடிய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் சிரித்தேன். மூன்று நிமிடத்தில் எதிரணியான யுனைட்டெட்டின் மாட்டா சமன் செய்தார், மேலதிக நேரத்தில் லிங்கார்ட் முடித்து வைத்தார். ஆகவே இம்முறை 16ஆவது நிமிடத்தில் பலஸின் எஸே அந்தக் கோலைப் போட்டபோது எங்கள் வீட்டில் எல்லோரும் எழும்பிக் குதிக்க, நான் மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை. பேரன் கோபித்துக்கொண்டான்.

எஸேயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிறுவயதில் ஆர்சனலும் பின்னர் மில்வோலும் வேண்டாம் என்று அனுப்பிய பையன், காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் கோல் போட்டான். இறுதியில் மட்டேட்டா பந்தைத் தாங்கிப் பிடித்து முனோஸுக்கு விட, வலப்பக்கமிருந்து வந்த பந்தை நிலத்தில் விழவிடாமல் உட்காலால் திருப்பிய அந்த அடியை நான் பேரனின் கைபேசியில் மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அந்த மட்டேட்டாதான் மில்வோல் காப்பாளரின் உதை தலையில் பட்டுக் காதில் 25 தையல்கள் போடப்பட்டவர். அந்தச் சுற்றை எளிது என்று சந்தையடியில் சொன்னவரிடம் இதையும் ஒருக்கால் சொல்லிவிடுங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து

கட்டாயம் சொல்கிறேன், ஐயா. இன்னொரு விடயத்தையும் சேர்த்துவிடுகிறேன். கிண்ணம் வென்றதால் பலஸுக்கு ஐரோப்பியக் கழகங்களுக்கான யூரோப்பா லீக்கில் விளையாடும் இடம் கிடைத்தது. ஆனால் பலஸில் பங்கு வைத்திருந்த ஒரு முதலீட்டாளருக்கு, அதே போட்டிக்குத் தகுதி பெற்றிருந்த பிரான்சின் லியோன் கழகத்திலும் பங்கு இருந்ததால், ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமான யூஈஎப்ஏ பலஸை அடுத்த நிலையான கொன்பரன்ஸ் லீக்குக்கு இறக்கியது. மேன்முறையீடும் ஆகஸ்ட் மாதத்தில் தள்ளுபடியானது. அந்த யூரோப்பா லீக் இடம் போய்ச் சேர்ந்தது நொட்டிங்ஹாம் பொரெஸ்டுக்கு, அதாவது அதே கிண்ணத்தின் அரையிறுதியில் சிற்றியிடம் 2-0 எனத் தோற்று வீடு திரும்பிய அணிக்கு. குலுக்கல் வாய்த்தவர் யார் என்று சந்தையடியில் இனிக் கேட்க வேண்டியது அவர்களைப் பற்றித்தான்.