கோதிக் புனைவுக்குத் தமிழில் ‘அணங்குப் புனைவு’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கோட்டை, பேய், பயம் என்று போகும் கோதிக் புனைவுக்கும், நம்ப முடியாதது அன்றாட வாழ்க்கையில் சாதாரணமாக நடக்கும் ‘மேஜிக்கல் ரியலிச’த்துக்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். கோதிக்குக்கு வந்தவை திகில் புனைவு, இருண்மைப் புனைவு, தொல்மனைப் புனைவு, அப்புறம் கோதிக் என்றே விட்டுவிடலாம் என்ற கட்சி. பன்னிரண்டாம் வகுப்புக்கு இந்த இரண்டு வகைகளையும் அடுத்தடுத்து நடத்துகிறவன் என்ற முறையில் என் பங்குக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

கோதிக் கதைக்குப் பாடக்குறிப்பில் நான் ‘திகில் கதை’ என்றுதான் எழுதியிருந்தேன். அடுத்த வாரம் இரண்டாவது வகை, கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் கதை. சிறகு முளைத்த கிழவர் ஒருவர் முற்றத்துச் சேற்றில் விழுந்து கிடக்கிறார். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “சார், இதுவும் திகில்தானே? யாருமே ஏன் பயப்படவில்லை?” என்று கேட்டாள். இரண்டு வகைகளுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. என் கலைச்சொல்தான் அதை மறைத்துவிட்டது.

ஆங்கில எழுத்தாளர் வால்போல் 1764-இல் எழுதிய கோதிக் நாவலான ஒட்ரான்டோ கோட்டைக் கதையில், கல்யாண நாளன்று பூதாகரமான ஒரு தலைக்கவசம் விழுந்து மாப்பிள்ளை நசுங்கிச் சாகிறான். கோட்டையே அலறுகிறது. மார்க்வெஸிடமோ கிழவரைக் கோழிக்கூண்டில் அடைத்து, பார்க்க வருபவர்களிடம் ஐந்து சென்ட் வாங்குகிறார்கள். பாதிரியாருக்கு வரும் சந்தேகம்கூட, இவருக்கு லத்தீன் தெரியவில்லையே என்பதுதான். கடைசியில் அவர் பறந்து போகும்போது வீட்டுக்காரி எலிசெண்டா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் விடுவது நிம்மதிப் பெருமூச்சு. ஆக, ஒன்றில் பாத்திரங்களுக்கே அச்சம். மற்றதில் வியப்பு வாசகருக்கு மட்டும்.

‘கோதிக்’ கட்சியாரின் வாதத்தை ஒதுக்க முடியாது. கோத் என்பது 410-இல் ரோமைச் சூறையாடிய இனத்தின் பெயர். மறுமலர்ச்சிக்கால இத்தாலியர்கள் பிடிக்காத பழைய கட்டடங்களை அந்தப் பெயரால் வைதார்கள். வால்போல் தன் கதையின் 1765 பதிப்பில் அதைத் துணைத்தலைப்பாக்கினார். வசவு இலக்கிய வகையின் பெயரான கதை இது. மொழிபெயர்த்தால் காணாமல் போகும். கட்டடக்கலைக்குக் ‘கோதிக்’ என்பதை விட்டுவிடலாம், ஏற்கெனவே பழகியும் விட்டது. ஆனால் புனைவுக்கு வரும்போது அந்தச் சொல் மாணவர்களுக்கு எதையும் உணர்த்துவதில்லை.

‘இருண்மை’ ஏற்கெனவே புரியாத கவிதைக்குப் போய்விட்டது. ‘தொல்மனை’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற கோதிக் நாவலில் பயம் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிப் பனிக்கடல் வரை போகிறதே, மனை எங்கே?

உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எடுத்துப் பாருங்கள்: “அணங்கே விலங்கே கள்வர் தம்இறை எனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.” வருத்தும் தெய்வமாகிய அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்று அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு ஒரு கோதிக் நாவலுக்குள் நுழைந்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஆன் ராட்கிளிஃபின் 1794 நாவலான ‘உடால்ஃபோவின் மர்மங்க’ளில் பேய் நடமாட்டமும் உண்டு, கொள்ளையரும் உண்டு, பெண்ணைக் கோட்டையில் அடைத்துவைத்துச் சொத்தை எழுதி வாங்கப் பார்க்கும் அதிகாரக்காரனும் உண்டு. ராட்கிளிஃப் பேய்களுக்கெல்லாம் கடைசியில் இயற்கைக் காரணம் சொல்லிவிடுவார்; ‘தம் இறை’ மீதான பயம் மட்டும் தீராது. மாணவர்களிடம் இந்தச் சூத்திரத்தைக் கொடுத்து நான்கையும் தேடச் சொன்னால், நான் அரைமணி நேரம் பேசுவதைவிட நன்றாக வேலை செய்யும்.

அதனால் என் பரிந்துரை ‘அணங்குப் புனைவு’. சங்கப் பாட்டில் அணங்கு ஓர் இடத்தில் உறைவது. ‘அணங்குடை நெடுவரை’, அதாவது அணங்கு உறையும் உயர்ந்த மலை என்பார்கள். அணங்குதல் என்றால் வருத்துதல். இடத்தைப் பற்றிக்கொண்டு வந்தவரை வருத்தும் ஒன்று! ‘பேய்’ என்ற சொல்லில் இந்த இடம் இல்லை. வள்ளுவரின் காதலன் ஓர் அழகியைப் பார்த்து “அணங்குகொல்” என்று கேட்கும்போது அழகும் அச்சமும் சேர்ந்தே வருகின்றன. டிராகுலாவின் கவர்ச்சிக்கும் அது பொருந்தும்.

இடிக்கும் இடத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். தமிழணங்கு என்று பாடிப் பழகிய காதுக்கு அணங்கு என்றால் தெய்வப்பெண்தான், பயம் வராது. அமெரிக்கத் திறனாய்வாளர் எலன் மோயர்ஸ் 1976-இல், பெண்கள் எழுதிய கோதிக் கதைகளுக்கென்று ‘ஃபீமேல் கோதிக்’ என்று தனிப் பெயர் வைத்தார். அதை அப்படியே தமிழாக்கினால் ‘பெண்ணணங்குப் புனைவு’ என்று வந்து அழகியைப் பற்றிய கதையாகிவிடும். ‘பெண்வழி அணங்குப் புனைவு’ என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. இதைவிட நல்ல வழி யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

மற்ற சொல்லான ‘மேஜிக்கல் ரியலிச’த்தைப் பற்றிச் சுருக்கமாக. ‘மாந்திரிக யதார்த்தம்’ வேண்டாம். இந்தக் கதைகளில் யாரும் மந்திரம் போடுவதில்லை. ‘மாய யதார்த்தம்’ நடப்பதைப் பொய்த்தோற்றம் ஆக்குகிறது என்ற ஆட்சேபம் சரிதான். ஆனால் ஜெர்மன் கலை விமர்சகர் ஃபிரான்ஸ் ரோ 1925-இல் ஓவியத்துக்கு வைத்த மூலப்பெயரும் இலக்கியத்துக்கு வந்தபோது இப்படித்தான் இடித்தது. கியூப எழுத்தாளர் கார்பெந்தியர் 1949-இல் ‘வியத்தகு மெய்ம்மை’ என்று பொருள்படும் வேறு பெயரைத் தேடிப் போனார். நாம் ‘மாய யதார்த்தம்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம், பழகிவிட்டது. ‘யதார்த்தமா’ ‘எதார்த்தமா’ என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

அடுத்த முறை இந்தப் பாடம் நடத்தும்போது குறிப்பில் ‘அணங்குப் புனைவு’ என்று எழுதி, பக்கத்தில் ‘கோதிக்’ என்பதையும் சேர்க்கப்போகிறேன். பின்வரிசை என்ன கேட்கிறது என்று எழுதுகிறேன்.