நம்பர் கடையைச் சுற்றிக்கொண்டு போவது விசுவாசக் குறைவா?

செந்தூல் சகோதரன்:
செல் குழுக்களில், அதாவது சபையார் வீடுகளில் கூடும் சிறு ஜெபக் குழுக்களில், அடிக்கடி எழும் கேள்வி இது. நாலு நம்பர், அதாவது மலேசியாவின் நான்கு இலக்க லாட்டரி, எடுக்கும் பழக்கத்தை விட நினைக்கும் ஒருவர், குலுக்கல் நாளான புதன், சனி, ஞாயிறுகளில் கடை இருக்கும் தெருவை விட்டு வேறு வழியாக வீட்டுக்குப் போகிறார். அது விசுவாசமா, பயமா?

வசனமே போதும்:
பயம்தான். 'தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே' என்கிற கட்டளைகள் பார்வைக்கு ஞானமாக இருக்கும், மாம்சத்தை அடக்காது என்று கொலோசெயர் 2 சொல்கிறது. தெருவை மாற்றுவதும் பர்சை மனைவியிடம் கொடுத்துவைப்பதும் அந்த ரகம். உள்ளம் மாறிவிட்டால் கடை வாசலில் நின்றாலும் கை பைக்குள் போகாது. யாக்கோபு 4:7 'பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்' என்கிறது. ஓடச் சொல்லவில்லை.

செந்தூல் சகோதரன்:
அண்ணே, நிற்கச் சொன்னது பிசாசுக்கு முன்னால். இச்சைக்கு முன்னால் நின்று பார் என்று எங்கே இருக்கிறது? வேசித்தனத்துக்கு விலகியோடச் சொல்கிறது 1 கொரிந்தியர் 6:18. பண ஆசையைப் பற்றிச் சொல்லி முடித்ததும் தீமோத்தேயுவிடம் பவுல் 'இவைகளை விட்டோடி' என்கிறார். தப்பிக்கொள்ளும் போக்கைத் தேவன் உண்டாக்குவார் என்ற 1 கொரிந்தியர் 10:13 நம் எல்லாருக்கும் மனப்பாடம். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: 'ஆகையால்... விலகியோடுங்கள்.' போக்கை உண்டாக்குவது அவர், அதில் நடக்க வேண்டியது நம் கால். கொலோசெயில் பவுல் கண்டித்தது, கிறிஸ்து போதாது என்று மேலே ஏற்றிவைத்த சட்டங்களை.

இன்னொன்று. சோதனை சாயங்காலம் 6 மணிக்குக் கடை முன்னால் தொடங்குகிறது என்று நினைப்பதால்தான் பலர் விழுகிறார்கள். காலை 9 மணிக்கு, ரோட்டோரம் மோதிக் கிடக்கும் காரின் நம்பர் பிளேட் கண்ணில் படுகிறது. அது பாவமில்லை. ஐந்து நிமிடம் கழித்து அந்த நாலு எண்ணையும் போனில் குறித்துவைக்கிறார். இச்சை கர்ப்பந்தரிக்கிறது என்று யாக்கோபு 1:15 சொல்வது இங்கேதான் நடக்கிறது. மதியம் நாசி லெமாக் வாங்கிய மீதி 4 வெள்ளி (ரிங்கிட்) பர்சுக்குப் போகாமல் தனியாகச் சட்டைப்பைக்குப் போகிறது. அதன் பிறகு 6 மணிக்கு ஜெபித்தால், ஒன்பது மணி நேரம் வளர்ந்துவிட்ட ஒன்றோடு மல்லுக்கட்ட வேண்டும். காலையில் எண்ணைக் குறிக்காமல் விடுவதற்கு அவ்வளவு பலம் தேவையில்லை. போக்கு அங்கேயே திறந்திருக்கிறது.

வசனமே போதும்:
காலையிலேயே அறுக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன், தம்பி. தெருவை மாற்றினால் போதும் என்பதை ஏற்க முடியாது. கடைக்குப் போகாதவருக்கு வாட்ஸ்அப்பில் கடனுக்கே எழுதிக்கொள்ளும் கள்ள ஏஜெண்டு இருக்கிறான். அவனை எந்தத் தெருவில் தவிர்ப்பது? மத்தேயு 12-இல் அசுத்த ஆவி திரும்பி வந்தபோது வீடு பெருக்கி, ஜோடித்து, வெறுமையாக இருந்தது. இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிவந்து குடியேறியது. நீங்கள் சொல்வது பெருக்கும் வேலை மட்டும்.

ஃபாத்திமா கோயில் பிள்ளை:
எங்கள் கத்தோலிக்கப் போதனையில், பாவத்துக்கு ஏதுவான சூழ்நிலையை விலக்கத் தீர்மானிப்பது மனஸ்தாபத்தோடு, அதாவது பாவத்துக்காக வருந்துவதோடு, சேர்ந்தது, அதைப் பயம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் வெறுமையான வீடு பற்றி ஐயா சொன்னது உண்மை. 4ஆம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில் இருந்த எவாக்ரியுஸ் என்ற துறவி தீய எண்ணங்களை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிர்த்துச் சொல்ல வேதவாக்கியங்களைத் தொகுத்தார். இயேசுவும் மூன்று சோதனைக்கும் மூன்று தனிப் பதில் சொன்னார். மூன்றும் இணைச்சட்டத்திலிருந்து, அதாவது நீங்கள் உபாகமம் என்பதிலிருந்து. பொதுவாக ஒரு வசனத்தை முணுமுணுப்பதில் பயனில்லை, காதில் விழும் பொய்க்குப் பதிலாக இருக்க வேண்டும். 'மகள் ஃபீஸுக்கு வேறு வழியில்லை' என்று மனம் சொன்னால் அதற்கு, தேவன் நம்மைக் கைவிடுவதில்லை என்கிற எபிரேயர் 13:5. 'விட்டதைப் பிடிச்சிடலாம்' என்று சொன்னால் நீதிமொழிகள் 13:11. 'வீணாய்த் தேடின பொருள் குறைந்துபோம்' என்பது கணக்கிலும் சரி: 1 வெள்ளிக்கு 'பிக்' (எல்லா வகைப் பரிசும் உள்ள பந்தயம்) எடுத்தால் முதல் மூன்று பரிசு 2,500, 1,000, 500, பிறகு 180 வெள்ளிப் பரிசு பத்து, 60 வெள்ளிப் பரிசு பத்து. கூட்டினால் 6,400. இருக்கும் எண்கள் 10,000. ஒவ்வொரு வெள்ளியிலும் சராசரி 36 காசு போகிறது.

வார்டு சிஸ்டர்:
ஒரு எச்சரிக்கை. நம்பருக்குச் சொல்வதை அப்படியே குடிக்குச் சொல்லாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் 'இன்றோடு விட்டேன்' என்று மூன்று நாள் உபவாசத்தில் உட்கார்ந்தால், 6 மணி நேரத்திலேயே கைநடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகும் சித்தப்பிரமை வந்து உயிர் போகலாம். அந்தப் பிதற்றலைப் பேய் என்று நினைத்து எண்ணெய் பூசி அறையில் வைத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முதலில் டாக்டர், கூடவே ஜெபம். உபவாசத்தை உடம்பு தேறிய பிறகு பார்க்கலாம்.

வசனமே போதும்:
நன்றி சிஸ்டர். இதைப் பல சபைகளில் யாரும் சொல்வதில்லை.

செந்தூல் சகோதரன்:
ஐயா கேட்ட ஏஜெண்டுக்கு வருகிறேன். அவன் எண்ணை பிளாக் செய்வது, வங்கி ஆப்பில் பணமாற்ற வரம்பை 100 வெள்ளிக்கு இறக்குவது, இரண்டும் இன்றே முடிகிற வேலை. 'உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு' என்ற யாக்கோபு 5:16-க்கு முழு செல் குழு வேண்டாம். வாய் காக்கும் இரண்டு பேர் போதும். மனைவியைக் காவல்காரியாக வைக்காதீர்கள், அங்கே பொய் தொடங்கிவிடும். மெசேஜ் போக வேண்டியது புதன் சாயங்காலம் 5 மணிக்கு. 'எடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க' என்று இரவு 9 மணிக்கு வருவதில் தடுக்க எதுவும் மிச்சமில்லை. தொகையோடு எழுதச் சொல்லுங்கள்: 'பையில் 10 வெள்ளி இருக்கு, மனசு இழுக்குது.' அந்த 10 வெள்ளியை அப்போதே மகள் கணக்கிலோ, தேவையில் இருக்கும் ஒருவருக்கோ போட வேண்டும். திருடினவன் இனிக் கொடுக்கிறவனாகட்டும் என்கிற எபேசியர் 4:28 இதுதான். வீடு நிரம்புவதும் இப்படித்தான்.

வசனமே போதும்:
நிரப்புவதைச் சொன்னீர்கள், அதோடு ஒத்துப்போகிறேன். தெருவை மாற்றுவது மூன்று மாதத்துக்கு இருக்கட்டும். அதற்கு மேலும் சுற்றியே போகிறார் என்றால் உள்ளே என்ன குறை என்று கேட்பேன்.

செந்தூல் சகோதரன்:
கேளுங்கள். ஆனால் ஆயுசு முழுக்கச் சுற்றிப் போனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, அண்ணே. போத்திபாரின் மனைவி இச்சையோடு பிடித்திழுத்தபோது வஸ்திரத்தை விட்டு ஓடிய யோசேப்பு, பலப்பட்டேனா என்று பார்க்க அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.