புயல் முகாம்களை மாற்றுத்திறனாளிகளோடு போய்ப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

திருத்துறைப்பூண்டியிலிருந்து

ஐப்பசி மழைக்கு முன்னால் முகாம் இடங்களைப் பார்வையிட வருவாய்த் துறையினர் கிளம்பும்போது, எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தைச் சேர்ந்த சிலரும் கூடவே போகிறோம். எனக்குச் சிறுவயதிலேயே போலியோ. இரண்டு கால்களிலும் காலிபர் என்கிற தாங்கி, தூரமென்றால் மூன்று சக்கர வண்டி. அங்கே பார்த்தவற்றை எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் ஊரில் நடந்ததை எழுத வேண்டும் என்பதே என் விருப்பம்.

பட்டியலில் முகாம் என்று இருப்பவை பெரும்பாலும் பள்ளிக்கூடங்கள்தாம். வெள்ளம் வரும் ஊர் என்பதால் நம் பக்கத்தில் அடித்தளத்தை உயர்த்திக் கட்டுகிறார்கள். அது சரியான வழக்கம். ஆனால் அந்த உயரத்தில்தான் எங்களுக்குச் சிக்கல் தொடங்குகிறது. தலைஞாயிறு பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் தாழ்வாரம் தரையிலிருந்து 3 அடி உயரம். ‘சாய்தளம்: உண்டு’ என்று படிவத்தில் முன்பே எழுதியிருந்தார்கள். உண்டுதான், 8 அடி நீளத்தில். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது விதி. 3 அடி ஏற 36 அடி வேண்டும், நடுவில் நின்று கொள்ளச் சமதளம் வேண்டும், இருபுறமும் கைப்பிடி வேண்டும். அங்கே இருந்தது சறுக்குமரம்.

எங்களோடு வந்த கொத்தனார் மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடித்து உயர வித்தியாசத்தைக் காட்டினார். கிராம நிர்வாக அலுவலர் இளம்பெண், புதிதாக வேலைக்கு வந்தவர். “நீங்களே என் வண்டியைத் தள்ளிப் பாருங்கள் அம்மா” என்றேன். அவரும் தலையாரியும் சேர்ந்து தள்ளியும் பாதியில் வண்டி பின்னால் வரத் தொடங்கியது. அவர் ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்து ‘உண்டு’ என்பதை அடித்துவிட்டு, ‘பயன்படாது, மாற்ற வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். இப்படி ஓர் அதிகாரி கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

“வாசலில் 36 அடிக்கு இடம் ஏது?” என்று கேட்டார். அதற்கும் கொத்தனார்தான் வழி சொன்னார். வாசலுக்கு நேராக இறக்க வேண்டியதில்லை. தாழ்வாரத்துச் சுவரை ஒட்டியே நீளவாக்கில் கொண்டுபோய், முனையில் ஒரு சமதளம் போட்டுத் திருப்பி இறக்கலாம். கீழே இறங்கும் இடத்தில் மண்ணாக விடக்கூடாது, கேட் வரை கான்கிரீட் போட வேண்டும் என்றும் சொன்னார். நம் களிமண்ணில் ஒரு மழைக்கே சக்கரம் பாதி புதைந்துவிடும். வெயில் காலத்தில் வந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை. முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

இனி கழிப்பறை. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். அந்தப் பள்ளியில் அது பின்பக்கம், திறந்த மைதானத்தைத் தாண்டி இருந்தது. வழியில் விளக்கு இல்லை. கதவின் அகலம் 2 அடி, அதுவும் உள்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே தரையோடு பதித்த பீங்கான், பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. சக்கர நாற்காலி நுழைய 3 அடி வாசல் வேண்டும், உள்ளே திரும்ப 5 அடி இடம் வேண்டும். 

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, இதே பள்ளியில் தங்கியிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்க்க வந்திருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர். “முதல்நாள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன் தம்பி. குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் யாராவது என்னைத் தூக்க வேண்டும்” என்றார். சோறும் குறைவாகத்தான் சாப்பிட்டாராம். புயலில் தப்பியவர் அடுத்த வாரம் சிறுநீர்த் தொற்றோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அந்த முகாமின் பதிவேட்டில் ‘குறை எதுவும் இல்லை’ என்றுதான் இருந்திருக்கும். தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்களை எந்தப் பதிவேடும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே பள்ளிக்கூடங்கள் தேர்தலில் வாக்குச்சாவடிகள். அன்றைக்குச் சாய்தளம் வருகிறது, சக்கர நாற்காலி வருகிறது, தள்ளிவிடத் தன்னார்வலரும் வருகிறார். ஒருநாள் வாக்குக்குச் செய்ய முடிந்ததைப் புயலுக்கு ஏன் செய்ய முடியாது? மரப்பலகைச் சாய்தளத்தைக் கழற்றி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

வேதாரண்யம் கடலோரத்திலிருந்து

என் மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகை மொழியில்தான் பேசுவான். கஜா அன்று எங்கள் தெருவே பள்ளிக்குப் போனது. மின்சாரம் போன நிமிடம் முதல் அவனுக்கு உலகமே நின்றுவிட்டது. இருட்டில் என் கை அவனுக்குத் தெரியாது, அவன் கை எனக்குத் தெரியாது. கூரை ஓடு பறக்கும் சத்தத்தில் எல்லோரும் சுவரோரம் நகர்ந்தார்கள். அவனுக்குச் சத்தம் இல்லை, திடீரென்று ஆட்கள் மேலே வந்து விழுவது மட்டும்தான். விடியும் வரை என் உள்ளங்கையை அவன் கன்னத்தில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அதனால் எந்த முகாமைப் பார்க்கப் போனாலும் நான் கேட்பது விளக்கைத்தான். ஜெனரேட்டர் உண்டா, அதற்கு டீசல் யார் பொறுப்பு, கூடத்தின் ஒரு மூலையிலாவது இரவு முழுவதும் எரிகிற சூரிய ஒளி விளக்கு உண்டா. காது கேளாதவர்களை அந்த மூலையில் வாசலைப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். சோறு வந்தது, டாக்டர் வந்தார் என்பதெல்லாம் ஒலிபெருக்கியில் மட்டும் சொன்னால் போதாது. கரும்பலகை அங்கேயே இருக்கிறது, எழுதிப் போடலாம். எழுத்து தெரியாதவர்களுக்குப் படமாக வரையலாம்.

எச்சரிக்கையே எங்களுக்கு வருவதில்லை என்பது தனிக் கதை. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். பக்கத்துக் குப்பத்தில் கணவன் மனைவி இருவருக்கும் காது கேட்காது. தெருவில் ஆட்கள் மூட்டையோடு நடப்பதைப் பார்த்துத்தான் அவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு கண்ணுக்குத் தெரிகிற எச்சரிக்கை. அதுபோல் தெருவுக்கு ஒரு சிவப்புக் கொடியாவது வேண்டும், வீட்டுக்கு வந்து தோளைத் தொட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கடலோரத்தில் தூண்கள் மேல் கட்டிய பாதுகாப்பு மையங்களையும் பார்த்தேன். கடல்நீர் கீழே புகுந்து போகட்டும் என்று கூடத்தை மாடியில் வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த ஊருக்கு அந்த உயரம் ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மையத்தில் மேலே போகும் சாய்தளம் முழுக்க வலையும் ஐஸ் பெட்டியும் அடைந்து கிடந்தன. கட்டிய அன்று பார்ப்பது போதாது, ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

கொள்ளிடம் கரையிலிருந்து

நான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போகிற தன்னார்வலர். எங்கள் வெள்ளம் வேறு மாதிரி. வானம் வெளுத்திருக்கும், வெயில் அடிக்கும், மேட்டூரிலிருந்து வந்த தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடும். 2022 ஆகஸ்டில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் பக்கமெல்லாம் அப்படித்தான் தண்ணீர் சூழ்ந்தது. மழையே இல்லாததால் ‘பிறகு போகலாம்’ என்று இருந்துவிடுகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அந்தப் ‘பிறகு’ என்பது படகு.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன பெரியவர் ஒருவர் வரவே மாட்டேன் என்றார். பிடிவாதம் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். உட்கார்ந்து விசாரித்தால், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முகாமில் வெறும் தரையில் ஜமக்காளம். தரையில் படுத்தால் அவரால் எழ முடியாது, முதுகில் ஆறிக்கொண்டிருக்கும் படுக்கைப்புண் திரும்பக் கிழியும். “கட்டில் இருந்தால் வருகிறேன் அம்மா” என்றார். அவருடைய கயிற்றுக் கட்டிலோடே நான்கு பேர் தூக்கி டிராக்டரில் ஏற்றினோம்.

அதன்பிறகு எங்கள் ஒன்றியத்தில் முகாம் பார்க்கப் போகும்போது ஆட்களின் பட்டியலை முதலில் எடுத்துக்கொண்டு போகிறோம். இன்னாருக்குக் கட்டில், இன்னாருக்கு இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி, இன்னாருக்குச் சிறுநீர்க்குழாய் மாற்ற மறைவான இடம், இன்னாருக்கு ஆக்சிஜன் இயந்திரம் ஓடத் தடையில்லா மின்சாரம். டயாலிசிஸ் செய்பவரை முகாமுக்கே கொண்டுபோகக் கூடாது, வெள்ளம் வரும் முன்பே மருத்துவமனை இருக்கும் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும்.

தேடிப் பார்த்ததில் எங்களுக்குப் பொருத்தமாக அமைந்தது ஒரு கல்யாண மண்டபம்! கார் வாசல் வரை வருவதால் தளம் சமமாக இருக்கிறது, கதவு அகலம், ஜெனரேட்டர் உண்டு. மணமகள் அறையில் உட்காரும் கழிப்பறையும் உண்டு. உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைக்க வேண்டும். முகூர்த்த நாளாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். எங்களுக்கு அவர் மறுப்பே சொல்லவில்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து

நான் பார்வையற்ற ஆசிரியர். சுருக்கமாகச் சொல்கிறேன். முகாமுக்கு வந்ததும் பகலிலேயே என்னை ஒருமுறை சுற்றிக் காட்டிவிடுங்கள்: வாசல், குடிதண்ணீர், கழிப்பறை, என் இடம். நான் அடி எண்ணி வைத்துக்கொள்வேன். இடத்தைச் சுவரோரம், கதவுக்கு அருகில் கொடுங்கள். நடைவழியில் மூட்டை வைக்கக் கூடாது என்று ஒரு கோடு போட்டுவிடுங்கள். கழிப்பறை வரை ஒரு கயிறு கட்டினால் இரவில் யாரையும் எழுப்பாமல் போய் வருவேன். படியின் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடித்தால் மங்கலாகத் தெரிபவர்களுக்கு உதவும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கட்டுக் கயிறும் ஒரு டப்பா பெயிண்டும்தான் செலவு. உதவி செய்ய வருகிறவர்கள் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து

என் மகளுக்கு ஆட்டிசம். கூட்டமும் கூச்சலும் சேர்ந்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். ஒரு வகுப்பறையை மட்டும் அமைதி அறையாக ஒதுக்கித் தரும் முகாம் உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ‘குழந்தையை அடக்கு’ என்று சொல்லாத பொறுப்பாளரும் வேண்டும். அந்த வார்த்தைக்குப் பயந்தே புயலில் வீட்டில் தங்கிவிடுகிற குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

மீண்டும் திருத்துறைப்பூண்டியிலிருந்து

மன்னார்குடி அக்கா, உங்கள் கோரிக்கையை எங்கள் படிவத்தில் சேர்த்துவிட்டேன். இதுவரை அந்த வரி அதில் இல்லை. கொள்ளிடம் தோழர் சொன்ன மண்டப யோசனையையும் எங்கள் தாசில்தாரிடம் கொண்டுபோகிறோம்.

எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 8-ஆவது பிரிவு பேரிடர் பற்றியது. மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அது. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, உங்கள் ஊர்ப் பதிவேட்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். மனுவோடு கதவின் அகலம், தாழ்வார உயரம், சாய்தள நீளம் மூன்றையும் அளந்து எழுதி இணையுங்கள். ‘வசதி இல்லை’ என்ற மனுவுக்குப் பதில் எழுதிவிடலாம், அளவுகளுக்கு யாராவது நேரில் வந்துதான் தீர வேண்டும். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

மழைக்கு முன் கடலோர மையங்களையும் பார்க்கப் போகிறோம். வேதாரண்யம் அக்கா மகனோடு வர முடிந்தால் நல்லது. விளக்கு வைக்கும் மூலையை அவனே காட்டட்டும்.