தக்காளியின் அடி கறுக்கிறது, வெள்ளரிப் பிஞ்சு வெம்புகிறது

புதுப்பாத்தி:
வணக்கம். நான் தோட்டம் போடுவது இதுதான் முதல் தடவை. கோடை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. ஆறு தக்காளிச் செடி, இரண்டு வெள்ளரிக் கொடி, ஒரு வரிசை வெண்டை. எல்லாமே நான் விதை போட்டு வளர்த்தவை.

தக்காளியில் முதல் கொத்துக் காய் எலுமிச்சை அளவு வந்ததும், காம்புக்கு நேர் எதிரே அடிப்பக்கம் பழுப்பாகிறது. நாலே நாளில் அந்த இடம் உள்வாங்கிக் கறுத்து, காய்ந்த தோல்மாதிரி ஆகிவிடுகிறது. ஒன்பது காய் இப்படிப் போய்விட்டது. வெள்ளரியில் பிஞ்சு சுண்டுவிரல் அளவு வரும், அப்புறம் நுனியிலிருந்து மஞ்சளடித்து விழுந்துவிடும்.

வேலை நாட்களில் சாயங்காலம் மேலாகத் தெளிப்பேன், விடுமுறையில் பாத்தி நிறைய விடுவேன். இலையெல்லாம் நல்ல பச்சை. மருந்து அடிக்க வேண்டுமா? தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு மனசு கஷ்டத்தோடுதான் திரும்புகிறேன்.

ஈரமண்:
மருந்து வேண்டாம் தம்பி. தக்காளிக்கு வந்திருப்பது பூ முனை அழுகல். இது பூச்சியும் இல்லை, தொற்று நோயும் இல்லை. காயின் அடிப்பக்கத்துக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருக்கும். ஆனால் தண்ணீரோடு சேர்ந்துதான் அது மேலே ஏறும். ஐந்து நாள் வேர் காய்ந்து கிடந்து, இரண்டு நாள் வெள்ளம் என்றால் காய்க்குக் கிடைக்காது.

ஒரு வேலை செய்யுங்கள். இன்று தெளித்து அரை மணி கழித்துச் செடியோரம் ஒரு சாண் தோண்டி, ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

முட்டை ஓடு போடச் சொல்வார்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் அது மக்க மாதக்கணக்காகும், இந்தக் காயைக் காப்பாற்றாது. கறுத்த காய்களைக் கிள்ளிவிடுங்கள். தழைச்சத்து உரம் போடுவதாக இருந்தால் நிறுத்துங்கள், அது இதை இன்னும் மோசமாக்கும்.

கொடிப்பந்தல்:
வெள்ளரிக்கு நான் சொல்கிறேன். பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகி விழுந்தால் முதல் சந்தேகம் மகரந்தம் சேரவில்லை என்பதுதான். பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் இருந்தால் பெண்பூ, வெறும் மெல்லிய காம்பு என்றால் ஆண்பூ. காலையில் பூ விரிந்த உடனே ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் பொடியைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். நான் ஒரு பெண்பூவுக்கு இரண்டு ஆண்பூ வைத்துக்கொள்வேன். தேனீ வரும் தோட்டம் என்றால் இந்த வேலையே இல்லை. அதனால்தான் மருந்து அடிக்காதீர்கள் என்று நானும் சொல்கிறேன்.

புதுப்பாத்தி:
அன்றைக்கே தோண்டினேன். மேலே இரண்டு விரற்கடைதான் ஈரம், கீழே புழுதி! வேர் முழுக்க அந்தப் புழுதியில்தான் இருந்திருக்கிறது. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வேரடியில் நின்று ஊற்றுகிறேன், காய்ந்த இலையை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டிருக்கிறேன். இரண்டு வாரம் ஆயிற்று. இரண்டாம் கொத்தில் ஏழு காய், ஒன்றின் அடியிலும் கறுப்பு இல்லை. பூத் தடவிய ஐந்து பிஞ்சில் நாலு நின்றுவிட்டது! ஈரமண், கொடிப்பந்தல் இருவருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வெள்ளரி ஒரு சாண் இருக்கிறது. இன்னும் பெரிதாகட்டும் என்று விடலாமா?

கொடிப்பந்தல்:
விடாதீர்கள், இன்றே அறுத்துவிடுங்கள். ஒரு காய் கொடியிலேயே முற்றி விதை கட்டினால் கொடி புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் காயையும் தேடுங்கள். பிய்க்காமல் கத்தரியால் காம்போடு வெட்டுங்கள். வெண்டை இன்னும் அவசரம்: பூ உதிர்ந்த நாலைந்து நாளில் பறித்துவிட வேண்டும். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் நார் விழுந்துவிட்டது, அதை விதைக்கு விடுங்கள்.